யூ யூ ஹகுஷோ: துப்பறிவாளன் எங்கே போனான்?

நீங்கள் கேட்டது இது: "ஆவியுலகத் துப்பறிவாளன் கதை என்று சொன்னதால் யூ யூ ஹகுஷோ பார்க்கத் தொடங்கினேன். முதல் 25 எபிசோடு வரை வழக்கு, தேடல், பிடிப்பது என்று போனது. அப்புறம் ஒரு தீவு, ஒரு போட்டி, ஓயாத சண்டை. துப்பறிவது எங்கே? மேலே பார்க்கலாமா, விட்டுவிடலாமா?"

விட்டுவிடாதீர்கள். உங்கள் குறை நியாயமானதுதான். முதல் தடவை பார்த்தபோது நானும் அதே 26-ஆவது எபிசோடில் தயங்கி நின்றேன். பிறகு இந்த அனிமேயின், அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின், 112 எபிசோடையும் முடித்து, அதற்கு மூலமான மங்காவின், அதாவது காமிக்ஸின், 19 தொகுதிகளையும் படித்தபோது எனக்குப் பிடிபட்டது வேறு. இந்தக் கதையில் இருப்பது ஒரே வழக்கு. அது முதல் எபிசோடிலேயே பதிவாகிவிடுகிறது, கடைசித் தொகுதியில்தான் தீர்கிறது. நடுவில் வரும் ஒவ்வொரு பகுதியிலும் "குற்றவாளி யார்?" என்ற கேள்வி ஓர் அடி இடம் மாறுகிறது. அதைப் பிடித்துக்கொண்டால் அந்தத் தீவும் போட்டியும்கூட வேறு மாதிரி தெரியும். இதை விளக்க வேண்டுமானால் கதையின் முக்கியத் திருப்பங்களைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எதுவும் தெரியாமல் பார்க்க விரும்பினால் இதோடு நிறுத்திவிட்டு, 26-ஆவது எபிசோடைத் தொடருங்கள்.

முதலில் தலைப்பு. முதல் 'யூ' ஆவியைக் குறிக்கும் எழுத்து, இரண்டாவது 'யூ' விளையாட்டைக் குறிப்பது. 'ஹகுஷோ' என்றால் வெள்ளை அறிக்கை. ஆம், நம் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சிகள் அரசிடம் கேட்குமே, அதே வெள்ளை அறிக்கைதான். ஆவிகளைப் பற்றி ஓர் அலுவலகம் வெளியிடும் அறிக்கை என்ற தொனியில் யோஷிஹிரோ தொகாஷி தன் கதைக்குப் பெயர் வைத்திருக்கிறார். அறிக்கை என்றால் அதை எழுதுகிற ஒரு மேலிடம் இருக்கும். அந்த மேலிடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மங்கா 1990 டிசம்பரிலிருந்து 1994 ஜூலை வரை வீக்லி ஷோனென் ஜம்ப் இதழில் வந்தது. மொத்தம் 175 அத்தியாயங்கள். ஸ்டூடியோ பியரோ தயாரித்து நோரியுகி அபே இயக்கிய அனிமே 1992 அக்டோபரில் ஃபுஜி டிவியில் தொடங்கியது. 1993-இல் மங்காவுக்கு ஷோகாகுகான் விருது கிடைத்தது. இவ்வளவு போதும், கதைக்கு வருவோம்.

யூசுகே உராமேஷிக்கு வயது 14. வகுப்பைக் கட் அடிப்பவன், அடிதடிக்கு அஞ்சாதவன், ஆசிரியர்கள் கைகழுவிவிட்ட பையன். தெருவில் பந்தின் பின்னால் ஓடும் ஒரு சிறுவனைக் காரிலிருந்து தள்ளிவிட்டுக் காப்பாற்றி, தான் அடிபட்டுச் சாகிறான். துடுப்பின் மேல் உட்கார்ந்து பறந்து வரும் போத்தான் என்ற பெண் அவன் ஆவியைச் சந்திக்கிறாள். அவள் சொல்லும் செய்தி இதுதான்: நீ சாவாய் என்று எங்கள் கணக்கிலேயே இல்லை. அந்தச் சிறுவன் எப்படியும் பிழைத்திருப்பான். உனக்கு சொர்க்கத்திலும் இடமில்லை, நரகத்திலும் இடமில்லை.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறேன். மேலிடத்தின் கணக்கு ஒரு மனிதனைத் தவறாக எடைபோட்டிருக்கிறது. இவன் இப்படிப்பட்டவன், இவன் யாருக்காகவும் உயிரைக் கொடுக்கமாட்டான் என்று ஏட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அவன் கொடுத்துவிட்டான். ஆவியுலகத்தின் ஏட்டை நம்பலாமா என்ற கேள்வி முதல் பதினைந்து நிமிடத்திலேயே எழுந்துவிடுகிறது.

அதற்கடுத்து அவனுடைய இறுதிச் சடங்கு. தன் சாவு வீட்டை யூசுகே மேலிருந்து பார்க்கிறான். வாசலில் சில ஆசிரியர்கள் அவனைப் பற்றி இளக்காரமாகப் பேசுகிறார்கள். அவனோடு தினமும் மல்லுக்கு நின்ற குவாபரா, நண்பர்கள் இழுத்துப் பிடிக்கப் பிடிக்க, யாரை இனி அடிப்பேன் என்று படத்தைப் பார்த்துக் கத்துகிறான். சிறுவயதிலிருந்து அவனோடு பழகிய கெய்கோ, தோழிகளின் தோளில் சாய்ந்து அழுகிறாள். குடியும் கும்மாளமுமாக இருந்த அம்மா அத்சுகோ, சுவரோரம் சுருண்டு உட்கார்ந்து எதையும் பார்க்காமல் இருக்கிறாள். காப்பாற்றப்பட்ட சிறுவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறான், அந்த அண்ணனுக்கு நன்றி சொல்ல. உயிரோடு இருந்தபோது யூசுகேக்குத் தெரியாத பத்துச் செய்திகள் அந்த ஒரு கூடத்தில் கிடைக்கின்றன. அவன் செய்யும் முதல் துப்பறிதல் இதுதான் என்பேன். தன் வாழ்க்கையில் யார் யார் இருந்தார்கள் என்பதைச் செத்த பிறகு கண்டுபிடிக்கிறான்.

அவனுக்கு மறுவாழ்வு தரும் கோஎன்மா ஒரு பச்சைக்குழந்தை உருவத்தில், வாயில் ரப்பருடன், குவிந்த கோப்புகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருக்கிறான். என்மா என்ற பெயர் நமக்கு அந்நியம் இல்லை. நம் எமன்தான் பௌத்தத்தோடு சீனம் போய், அங்கிருந்து ஜப்பான் சேர்ந்து என்மா ஆனான். 'கோ' என்றால் சின்ன. ஆக, கோஎன்மா என்றால் சின்ன எமன், எமராஜாவின் மகன். போத்தான் வேலை செய்வது சன்சு ஆற்றில். நம் வைதரணிக்கு இணையானது அது. செத்தவர்கள் அவரவர் வினைக்கேற்ற வழியில் கடக்க வேண்டிய ஆறு. சித்திரகுப்தன் கணக்கைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த அலுவலகத்தைப் புரிந்துகொள்ள அடிக்குறிப்பு எதுவும் வேண்டாம்.

உயிர் திரும்பியதும் யூசுகேக்கு 'ரேய்காய் தான்தேய்' பதவி வருகிறது, அதாவது ஆவியுலகத் துப்பறிவாளன். ஆயுதம், சுட்டுவிரலிலிருந்து பாயும் ஆவித் துப்பாக்கி. தொடக்கத்தில் ஒரு நாளைக்கு ஒரு குண்டுதான். முதல் பெரிய வழக்கு, ஆவியுலகக் கருவூலத்திலிருந்து மூன்று பொருட்களைத் திருடிய மூவரைப் பிடிப்பது. உங்களுக்குப் பிடித்த பகுதி இது என்பது தெரிகிறது. அதில் குராமா வரும் எபிசோடை இன்னொரு முறை பாருங்கள்.

குராமா திருடியது ஓர் இருண்ட கண்ணாடி. முழுநிலவன்று கேட்டது கிடைக்கும், விலை கேட்டவரின் உயிர். துப்பறிவாளன் அவனைத் தேடிப் போனால், அவனே யூசுகேயை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறான். அங்கே நோயாளிக் கட்டிலில் ஒரு பெண்மணி, ஷியோரி. குராமா உண்மையில் பல நூற்றாண்டு வாழ்ந்த நரிப் பேய். வேட்டைக்காரனிடம் தப்பி ஒரு கருவுக்குள் புகுந்து, மனிதக் குழந்தையாகப் பிறந்தவன். பலம் திரும்பியதும் போய்விடலாம் என்றுதான் இருந்தான். ஆனால் அவன் விழ இருந்தபோது தாங்கிப் பிடித்து, கைகளில் ஆறாத தழும்பை வாங்கிக்கொண்ட அம்மாவை விட்டுப் போக அவனால் முடியவில்லை. இப்போது அவள் பிழைக்க வேண்டும், அதற்குத் தன் உயிரைத் தரத் தயாராக நிற்கிறான். மொட்டைமாடியில் நிலா வெளிச்சத்தில் கண்ணாடி ஒளிரும்போது யூசுகே குறுக்கே பாய்ந்து, என் உயிரை எடுத்துக்கொள் என்கிறான். மகன் செத்தால் அம்மா எப்படி உட்கார்ந்திருப்பாள் என்பதை அவன் சாவு வீட்டுக் கூடத்தில் பார்த்திருக்கிறான் அல்லவா? அந்தச் சுவரோரக் காட்சிதான் இங்கே அவனைப் பிடித்துத் தள்ளுகிறது. கண்ணாடி இருவர் உயிரையும் எடுக்காமல் வரத்தைக் கொடுத்துவிடுகிறது.

வழக்குப்படி குராமா திருடன். பொருள் மீட்கப்பட்டது, கோப்பு மூடப்பட்டது. ஆனால் பார்த்த நமக்குக் 'குற்றவாளி' என்ற சொல் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிடுகிறது.

அடுத்த ஆட்டம் யுகினா வழக்கில். கோஎன்மா வழக்கு விவரத்தை வீடியோ கேசட்டில் பதிந்து அனுப்புகிறான். அந்தக் கேசட்டையும் நினைவில் வையுங்கள். யுகினா ஒரு பனிமகள், அவள் கண்ணீர் ரத்தினமாக உறையும். தருகானே என்ற பணக்காரன் அவளை அடைத்து வைத்துச் சித்திரவதை செய்து, அழவைத்து, விற்கிறான். இதுவரை பேய்கள் மனிதரைத் துன்புறுத்தின, துப்பறிவாளன் தடுத்தான். இப்போது அடைபட்டிருப்பது பேய், அடைத்தவன் மனிதன். தருகானேவின் மாளிகையில் காவலுக்கு நின்ற தொகுரோ சகோதரர்கள் வழியாகத்தான் நீங்கள் நின்றுபோன அந்தத் தீவுப் போட்டி வருகிறது.

இருண்ட போர்க்கலைப் போட்டி நீளம்தான், 26-இலிருந்து 66 வரை. நடுவில் சில சுற்றுகள் வெறும் சண்டையாகவே கடக்கும் என்பதை மறுக்கமாட்டேன். அங்கே நீங்கள் சலித்தால் தவறில்லை. ஆனால் இளைய தொகுரோவுக்காக அதைக் கடந்து வாருங்கள். யூசுகேயின் குரு கெங்காய் கிழவியும் தொகுரோவும் ஐம்பது ஆண்டுக்கு முன் ஒரே அணியில் சண்டையிட்டவர்கள். தொகுரோவின் சீடர்களை ஒரு பேய் கொன்று தின்றது, அவன் கையாலாகாமல் நின்றான். பிறகு அதைப் பழிதீர்த்து, போட்டியில் வென்று, வரம் கேட்கச் சொன்னபோது, மூப்பு வராத பேய் உடம்பைக் கேட்டு வாங்கினான். கெங்காய் மனுஷியாகவே இருந்து மூப்படைந்தாள்.

எண்பது விழுக்காடு, நூறு விழுக்காடு என்று தொகுரோ தசையை ஏற்றும் காட்சிகளைத்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்கு முக்கியம், அவன் தோற்றுச் செத்த பிறகு வருவது. ஆவியுலகத் தீர்ப்பில் அவனுக்குக் குறைந்த தண்டனைக்கு வழி இருந்தது. அவன் இருப்பதிலேயே கொடிய நரகத்தைத் தானே கேட்டு வாங்குகிறான். அந்தப் பாதையில் நடக்கும்போது கெங்காய் வந்து நிற்கிறாள், இளமையில் இருந்த முகத்தோடு. சில வார்த்தைகள் பேசுகிறார்கள். உன்னை எப்போதும் அலைக்கழித்துவிட்டேன் என்ற மாதிரி ஒன்று சொல்லிவிட்டு அவன் இருட்டுக்குள் போகிறான். ஏட்டில் எழுதிய தீர்ப்பு ஒன்று, அந்த மனிதன் தனக்கு எழுதிக்கொண்ட தீர்ப்பு வேறொன்று. மறுபடியும் மேலிடத்தின் கணக்கு பொருந்தவில்லை.

இனி நீங்கள் கேட்ட துப்பறிதல் முழுமூச்சாகத் திரும்புகிறது. 67-ஆவது எபிசோடிலிருந்து 94 வரை நடக்கும் பகுதிதான் இந்தத் தொடரின் உச்சம் என்பது என் தீர்மானமான கருத்து. முஷியோரி என்ற ஊரில் பூச்சிகள் மொய்க்கின்றன, சாதாரண மனிதர்களுக்கு விசித்திர ஆற்றல்கள் முளைக்கின்றன. பேயுலகத்துக்கு யாரோ சுரங்கம் திறக்கிறார்கள். யார், எதற்கு? விசாரணை தொடங்குகிறது.

அதன் வாசலிலேயே ஒரு விளையாட்டு. ஆற்றல் முளைத்தவர்கள் தங்களைச் சுற்றி ஓர் எல்லை வகுத்து, அதற்குள் தங்கள் விதியைச் செல்லுபடியாக்குகிறார்கள். கைத்தோ என்ற மாணவனின் எல்லைக்குள் வன்முறை செல்லாது. அவன் விலக்கிய சொல்லைச் சொன்னவரின் உயிர் கழன்று அவன் கைக்குப் போய்விடும். விலக்கிய சொல், 'சூடு'. அறையோ கொதிக்கிறது. வாள்வீரன் ஹியே உட்பட ஒவ்வொருவராக மாட்டுகிறார்கள். குராமா எழுந்து விதியை மாற்றுகிறான்: சொல் வேண்டாம், நிமிடத்துக்கு ஓர் எழுத்தாக விலக்குவோம். எழுத்து குறையக் குறையப் பேச்சு சுருங்குகிறது. கடைசியில் ஒரு விசித்திர முகத்தைக் காட்டிக் கைத்தோவைச் சிரிக்க வைக்கிறான். சிரிப்பொலியும் எழுத்துதானே, அவன் தோற்றான்.

மொழிபெயர்ப்பில் இந்தக் காட்சியின் பாதி போய்விடும். ஆனால் தமிழ் படித்தவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே எட்டும். ஜப்பானிய எழுத்துகளும் நம்முடையவை போல அசை எழுத்துகள். அவற்றின் வரிசை அ, இ, உ, எ, ஒ என்று தொடங்கி க, ச, த, ந என்று போய், ய, ர, வ என்று முடிகிறது. பௌத்தத் துறவிகள் கற்ற இந்திய எழுத்துமுறையிலிருந்து போன வரிசை அது. அரிச்சுவடியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக உருவினால் பேச்சு எப்படி மூச்சுத்திணறும் என்று நாம் உடனே உணர்ந்துகொள்ளலாம். ஒரு சண்டைத் தொடரில், ஒரு அடிகூட விழாமல், அறிவால் மட்டும் இருபது நிமிடம் நம்மை நாற்காலி நுனியில் உட்கார வைத்திருக்கிறார் தொகாஷி.

சுரங்கம் திறப்பவன் ஷினோபு சென்சுயி. அவன் யார்? யூசுகேக்கு முன்பு அதே பதவியில் இருந்தவன். முன்னாள் ஆவியுலகத் துப்பறிவாளன்.

சிறு வயதிலிருந்து பேய்களைக் கொல்வதே அறம் என்று நம்பி வளர்ந்தவன் சென்சுயி. பேய் கெட்டது, மனிதன் நல்லவன். கோடு தெளிவாக இருந்தது. பத்தாண்டுக்கு முன் ஒரு நாள் ஒரு சின்னச் சுரங்கத்தை மூடுவதற்குக் கோஎன்மா அவனை அனுப்புகிறான். மாளிகைக்குள் போனால், மனிதர்கள் கூட்டமாக உட்கார்ந்து பேய்களைச் சித்திரவதை செய்து கூத்தடித்துக்கொண்டிருக்கிறார்கள். யுகினாவுக்கு நடந்தது அங்கே திருவிழாவாக நடக்கிறது. அன்று அந்த அறையில் அவன் மனிதர்களைக் கொன்றான். பிறகு ஆவியுலகக் கருவூலத்தில் இருந்த ஒரு வீடியோ கேசட்டைத் திருடிக்கொண்டு மறைந்தான். மனித குலம் செய்த கொடுமைகளின் பதிவு அது. அதன் பெயர், 'கருப்பு அத்தியாயம்'.

வெள்ளை அறிக்கை என்று தலைப்பு வைத்தவர், நட்டநடுவில் கருப்பு அத்தியாயத்தை வைக்கிறார். மேலிடம் வெளியே காட்டிய பதிவு ஒன்று, கருவூலத்தில் பூட்டி வைத்த பதிவு ஒன்று. யூசுகேக்கு வழக்குகள் வந்ததும் கேசட்டில், சென்சுயியை உடைத்ததும் கேசட். இதைக் கவனித்த நாளிலிருந்து இந்தத் தொடரைச் சண்டைத் தொடர் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சென்சுயியை நல்லவனாக்கவும் தொகாஷி விடவில்லை. குகையில் காவலுக்கு அமானுமா என்ற சிறுவனை வைத்திருக்கிறான் சென்சுயி. வீடியோ கேம் பிரியன். அவனுடைய எல்லையில் விளையாடித் தோற்றால் அவனே செத்துப்போவான் என்பதை அவனிடம் சொல்லவே இல்லை. குராமாதான் விளையாட்டின் நடுவே சொல்கிறான். பையனின் விரல் நடுங்குகிறது, கட்டைகள் தவறாக விழுகின்றன. வென்றே தீரவேண்டிய குராமா வெல்கிறான், பையன் விழுகிறான். பிறகு அவன் உயிர் மீட்கப்படுகிறது என்றாலும், அந்த நேரத்துக் குராமாவின் முகத்தைப் பார்த்தவர் மறக்கமாட்டார். மனிதர் செய்த கொடுமையைக் கண்டு உடைந்தவன், தானே ஒரு குழந்தையைப் பொருளாக வைத்து ஆடுகிறான்.

அதோடு நிற்கவில்லை. சென்சுயியின் கையால் யூசுகே சாகிறான், பேய் ரத்தத்தோடு எழுகிறான். பல தலைமுறைக்கு முன்னால் அவன் வம்சத்தில் ரைசென் என்ற பேயரசன் இருந்திருக்கிறான். அது தெரிந்ததும் என்மா ராஜா இடும் கட்டளை, யூசுகேயைத் தீர்த்துக்கட்டுங்கள் என்பது. இத்தனை வழக்குகளை முடித்துக் கொடுத்த துப்பறிவாளனுக்கு மேலிடம் கொடுத்த ஓய்வூதியம் அது. தப்பிப்பதற்குக் கோஎன்மா உதவுகிறான், தந்தையை மீறி.

95-இலிருந்து 112 வரையிலான பேயுலகப் பகுதி அவசரமானது. மனிதரை உண்பதில்லை என்று ஒரு பெண்ணுக்காக நோன்பிருந்து பசியாலேயே சாகும் ரைசென் மட்டும் உள்ளத்தில் தங்குவான். மற்றவை வேகவேகமாக ஓடுகின்றன. வாரந்தோறும் வரைந்து தொகாஷியின் உடம்பு ஓய்ந்திருந்த காலம் அது. முடித்த ஆண்டிலேயே தானாக அச்சிட்டு வெளியிட்ட சிற்றேட்டில், வேலைப்பளுவும் தன் விருப்பப்படி வரைய முடியாததும்தான் நிறுத்தக் காரணம் என்று அவரே எழுதியிருக்கிறார்.

ஆனால் அனிமேயோடு நிறுத்தியவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். வழக்கின் தீர்ப்பு மங்காவின் கடைசித் தொகுதியில் இருக்கிறது. கோஎன்மா தன் தந்தையின் மோசடியை அம்பலப்படுத்துகிறான். பிடிபட்ட பேய்களின் மூளையைச் சலவை செய்து, மனித உலகில் குற்றம் செய்ய வைத்தது ஆவியுலகமே. பேய்க் குற்றங்களின் எண்ணிக்கை ஏறினால்தானே பேயுலகத்தையும் மனித உலகையும் பிரிக்கும் தடுப்பு வேலிக்கும் காவலுக்கும் மேலிடத்துக்கும் நியாயம் இருக்கும்? யூசுகே துரத்திய வழக்குகளில் எத்தனை இப்படி ஜோடிக்கப்பட்டவை என்று யோசித்தால் முதல் எபிசோடு வரை எல்லாம் புரண்டுவிடுகிறது. குற்றவாளி, வழக்கைக் கொடுத்தவர். ஒரு துப்பறியும் கதை இதைவிடப் பெரிய விடையைக் கொடுக்க முடியாது என்று நினைக்கிறேன்.

எப்படிப் பார்ப்பது? அனிமேயை ஜப்பானியக் குரலில் பாருங்கள். குராமாவாக மெகுமி ஒகாதாவின் குரலுக்காகவே பார்க்கலாம். 94 வரை பார்த்துவிட்டு, மீதியை மங்காவில் படிப்பது என் பரிந்துரை. நெட்ஃபிளிக்ஸில் 2023 டிசம்பரில் வந்த நடிகர்கள் நடித்த வடிவம் ஐந்தே எபிசோடு. யுகினா வழக்கையும் தீவையும் ஒன்றாகப் பிசைந்து தொகுரோவோடு முடித்துவிடுகிறது. சண்டைக் காட்சிகள் நன்றாகவே உள்ளன, கோ அயானோவின் தொகுரோவும் கனமாக நிற்கிறார். ஆனால் கருப்பு அத்தியாயம் அதில் இல்லை. அதனால் அதை முதலில் பார்க்காதீர்கள்.

அப்புறம், துப்பறிவாளன் எங்கே போனான் என்று கேட்டீர்கள். மங்காவின் முடிவில் பேயுலகிலிருந்து திரும்பும் யூசுகே ஒரு ராமென் தள்ளுவண்டி வைத்திருக்கிறான். பதவி கிடையாது, மேலிடம் கிடையாது, கேசட் கிடையாது. இரவில் வண்டியருகே வந்து உட்காருபவர்கள் நூடுல்ஸோடு தங்கள் வீட்டு ஆவித் தொல்லையையும் சொல்கிறார்கள். அவன் கேட்டுக்கொண்டு, கையைத் துடைத்துவிட்டுக் கிளம்புகிறான்.